தேவதையை நம்பலாமா? ‘காமிகாஸே கைட்டோ ஜான்’ மங்கா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவதை, பிசாசு, மனிதர் மூன்று பேரும் வரும் காதல் மங்கா (ஜப்பானியப் படக்கதை) எதையாவது சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் நீட்டுவது இந்தத் தொடரைத்தான். வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை இங்கே தொகுத்துவிட்டேன். கதையின் முடிச்சை அவிழ்க்கும் கேள்விகளைப் பின்னால் தள்ளியிருக்கிறேன், அங்கே எச்சரிக்கையும் உண்டு.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மரோன் குசாகாபே, பதினாறு வயதுப் பள்ளி மாணவி. பகலில் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி, வீட்டுப்பாடம், தோழியோடு சண்டை. இரவானால் ஜான் என்ற பெயரில் மாளிகைகளிலும் அருங்காட்சியகங்களிலும் புகுந்து ஓவியங்களைத் ‘திருடுகிறாள்’. உண்மையில் அவள் திருடுவதில்லை. அழகான கலைப்பொருள்களுக்குள் பிசாசுகள் ஒளிந்துகொண்டு, அவற்றை வைத்திருப்பவர்களின் மனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. அந்தப் பிசாசுகளைப் பிடித்து அடைப்பதுதான் அவள் வேலை. வேலை முடிந்ததும் ஓவியமும் மறைந்துவிடுவதால் போலீஸுக்கு அவள் திருடி. இந்த வேலையை அவளுக்குக் கொடுத்தது ஃபின் ஃபிஷ் என்ற உள்ளங்கை அளவுத் தேவதை. மரோன் யார் என்றால், பிரான்ஸின் வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கின் மறுபிறவி.

பக்கத்து வீட்டுக்கு சியாக்கி நகோயா என்ற பையன் குடிவருகிறான். அதே சமயத்தில் சிந்துபாத் என்ற இன்னொரு திருடனும் ஜானுக்குப் போட்டியாகக் கிளம்புகிறான். (நம் கன்னித்தீவு சிந்துபாத் அல்ல, இவன் லைலாவைத் தேடவில்லை.) இரண்டும் ஒரே ஆள்தானா என்று நீங்கள் யோசித்தால், ஆமாம். கதை அதை வெகுநேரம் மறைத்து வைப்பதும் இல்லை.

யார் வரைந்தது? எத்தனை தொகுதி?

அரினா தனேமுரா. 1978இல் ஐச்சி மாகாணத்தில் பிறந்தவர். நகோயா அந்த மாகாணத்தின் தலைநகரம், நாயகனின் குடும்பப் பெயரும் நகோயா. 1996இல் முதல் சிறுகதை வெளியாகி இரண்டே ஆண்டில், 1998இல், ‘ரிபோன்’ இதழில் இந்தத் தொடர் தொடங்கியபோது அவர் இருபதைத் தொட்டிருக்கவில்லை. 2000 வரை வந்தது. மொத்தம் 7 தொகுதிகள். சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

ரிபோன் என்பது ஷூஏஷா பதிப்பகம் பள்ளிச் சிறுமிகளுக்காக 1955 முதல் நடத்திவரும் மாத இதழ். 1990களின் நடுவில் அதன் விற்பனை இருபது லட்சத்தைத் தாண்டியிருந்தது. அத்தனை சிறுமிகள் மாதாமாதம் கையில் எடுக்கும் இதழில் கடவுள், பாவம், கன்னிமை என்றெல்லாம் பேசும் கதை வந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால் பல இடங்கள் கூடுதலாகப் புரியும்.

பிசாசைப் பிடிப்பது எப்படி? சதுரங்கக் காய் எதற்கு?

இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ‘இன்றிரவு வருகிறேன்’ என்று ஜான் முன்கூட்டியே கடிதம் அனுப்பிவிடுவாள். அது ‘கைட்டோ’ கதைகளின், அதாவது மாயத் திருடன் கதைகளின் மரபு. பிரெஞ்சுக் கதைகளில் ஆர்சென் லூப்பின் தொடங்கி வைத்ததை ஜப்பானியர்கள் எடுத்துத் தங்கள் சொத்தாகவே ஆக்கிக்கொண்டார்கள். போலீஸ் வலை விரிக்கும். இவள் ஜிம்னாஸ்டிக்ஸ் ரிப்பனைச் சுழற்றிக்கொண்டு மேலே பாய்ந்து போவாள். ஓவியத்தில் முள்ளை எறிந்து ‘செக்மேட்!’ என்று கத்தினால் உள்ளே இருக்கும் பிசாசு சதுரங்கக் காயாகச் சுருங்கிக் கையில் வந்து விழும். ஜான் பிடித்தால் வெள்ளைக் காய், சிந்துபாத் பிடித்தால் கறுப்புக் காய்.

ஆரம்ப அத்தியாயங்களில் இது வெறும் அலங்காரமாகத் தெரியும். வாராவாரம் ஒரு வில்லன் என்ற பாணியில் கதை போகிறதே என்று அலுப்பும் வரலாம். ஆனால் சதுரங்கம் என்றால் ஆடுபவர்கள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டும், காய்களுக்கு ஆட்டம் தெரியாது. அதை மறக்காமல் வாசியுங்கள்.

தேவதைகள் எல்லாரும் நல்லவர்கள், பிசாசுகள் எல்லாரும் கெட்டவர்களா?

இல்லை. அப்படி இருந்தால் இத்தனை வருடம் கழித்து இதைப் பற்றி எழுத வேண்டியிருக்காது.

மேலுலகத்தில் படிநிலை உண்டு. சிந்துபாத்துக்குத் துணையாக வரும் ஆக்ஸெஸ் டைம் என்ற தேவதைக்குக் கறுப்புச் சிறகு. இந்தக் கதையில் கறுப்புச் சிறகு என்றால் தீமை அல்ல, படிநிலையில் கீழே இருப்பவன் என்று மட்டும்தான் பொருள். ஃபின் அவனுக்கு மேலே இருப்பவள். ஆக்ஸெஸ் அவளை ஒருதலையாகக் காதலிக்கிறான், திட்டு வாங்குகிறான், மறுபடி வருகிறான். முதலில் நகைச்சுவைப் பாத்திரம்போலத்தான் இருக்கும்.

பிசாசு அணியில் நோயின் கிளோட் முக்கியமானவன். ஒரு காலத்தில் மனிதன். ஜோன் ஆஃப் ஆர்க்கைக் காதலித்த பிரெஞ்சு வீரன், அவளை இழந்த துயரத்தில் பேயரசனுக்குத் தன்னை விற்றவன். இப்போது ஹிஜிரி என்ற பெயரில் மரோனின் பள்ளியிலேயே ஆசிரியராக வந்து நிற்கிறான். நூற்றாண்டுகளாக ஒருத்தியையே நினைத்துக்கொண்டிருப்பது காதலா வெறியா என்ற கேள்வியை அவனை வைத்துத்தான் கதை கேட்கிறது. நடுநடுவே மங்கா அவனுக்காக உருகுவது எனக்கு ஒப்பவில்லை. அவன் மரோனிடம் நடந்துகொள்ளும் விதத்துக்கு எந்தப் பழைய சோகமும் சமாதானம் ஆகாது.

ஜப்பானியக் கதையில் கிறிஸ்தவத் தேவதைகளுக்கு என்ன வேலை?

ஜப்பானில் கிறிஸ்தவர்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய 1 சதவீதம்தான். ஆனாலும் ஷோஜோ மங்காவில், அதாவது சிறுமிகளுக்கான மங்காவில், சிலுவை, சிறகு, செபமாலை, தேவாலயக் கண்ணாடி எல்லாம் ஏராளமாக வரும். பெரும்பாலான வாசகர்களுக்கு அவை மதச் சின்னங்கள் அல்ல, தூரதேசத்து அழகு. சொந்த மதத்தில் கைவைத்தால் வரும் தயக்கமும் அங்கே இல்லை. அதனால்தான் கடவுள் பலவீனமடைகிறார், தேவதை பொறாமைப்படுகிறது என்றெல்லாம் ஓர் இளம்பெண் கூச்சமில்லாமல் வரைய முடிகிறது. இங்கே மறுபிறவியும் வருகிறது, ஏவாளும் வருகிறாள். நம் வீட்டு ஞானோபதேச வகுப்பில் இதை ஒப்பித்தால் முட்டிபோட வைப்பார்கள்.

வரலாறு இதைவிடக் கனமானது. முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே 1542 முதல் பணியாற்றிய அதே பிரான்சிஸ் சவேரியார்தான் 1549இல் ககோஷிமாவில் கரையிறங்கி ஜப்பானுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுபோனார். 1614இல் நாடு முழுவதும் தடை வந்தது. 1873 வரை சிலுவையை வெளியே வைக்க முடியாத நிலை. அந்த வரலாறு இந்த மங்காவில் இல்லை. ஷிந்தோ ஆலயத்துக்குப் போகும் குடும்பமும் டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேக் வெட்டும் இன்றைய ஜப்பானிலிருந்து வரும் தேவதைகள் இவை.

நிஜ ஜோன் ஆஃப் ஆர்க் எவ்வளவு இருக்கிறார்?

பெயரும் முடிவும் இருக்கின்றன. மரோன் குடியிருக்கும் அடுக்குமாடியின் பெயர் ஓர்லியான். 1429இல் ஜோன் முற்றுகையை முறியடித்த ஊரின் பெயர் அது. நிஜ ஜோனும் தேவதூதர் குரலைக் கேட்டதாகச் சொன்னவர்தான். அதிதூதர் மிக்கேலும் புனித கத்தரீனும் புனித மார்கரெட்டும் தன்னிடம் பேசினார்கள் என்று விசாரணையில் கூறினார். 1431 மே 30 அன்று ரூவான் நகரில் எரிக்கப்பட்டபோது வயது ஏறத்தாழ 19. 1456இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. 1920இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

தேவதூதர் குரலை நம்பிப் புறப்பட்ட பெண்ணை எரித்தார்கள் என்பதுதான் தனேமுரா இங்கிருந்து எடுத்துக்கொண்ட விதை. மரோனும் ஒரு தேவதையின் பேச்சை நம்பித்தான் புறப்படுகிறாள். தொடரின் பிற்பகுதியில் அவள் 15ஆம் நூற்றாண்டுக்கே போய், சிறையில் இருக்கும் ஜோனைச் சந்திக்கிறாள். ஜோன் வன்முறைக்கு ஆளாகித் தன் ஆற்றலை இழந்துவிட்டதாக அங்கே மங்கா சொல்கிறது. சிறையில் தாக்குதலுக்கு அஞ்சித்தான் அவர் ஆண் உடையை விடவில்லை என்று பிற்கால விசாரணையில் சாட்சிகள் சொன்னதுண்டு, மங்கா அதற்கு மேலே போய்விடுகிறது. வரலாறாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கதைக்குள் அந்தக் காட்சிக்கு வேலை இருக்கிறது. உடல் தூய்மையாக இருந்தால்தான் கடவுளின் ஆற்றல் தங்கும் என்ற விதியை அதுவரை எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த விதி எவ்வளவு கொடூரமானது என்று அங்கேதான் முகத்தில் அறைகிறது. அதன்பின் மரோனின் ஆற்றல் வெளியிலிருந்து யாரோ கொடுத்தது என்பது மாறி, அவளுடையதாகவே ஆகிறது. சிறுமிகள் இதழில் 1999 வாக்கில் இதைச் செய்தது சாதாரணத் துணிச்சல் அல்ல.

காதல் எப்படி? சியாக்கி நல்லவனா?

நேர்மையாகச் சொன்னால், முதல் தொகுதிகளில் அவனை எனக்குப் பிடிக்காது. அவன் மரோனை நெருங்குவதே ஒரு திட்டத்தோடுதான். அவளைத் தன்மேல் காதலில் விழவைத்தால் ஜான் வேலையை விட்டுவிடுவாள் என்பது கணக்கு. கேட்காமல் முத்தமிடுகிறான். அந்தக் காலத்து ஷோஜோவில் இது சகஜம் என்பார்கள். சகஜமாக இருந்தது என்பது சரிதான், அதற்காக இன்று வாசிக்கும்போது நெருடாமல் போகாது.

பிறகு இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. நடிப்பாகத் தொடங்கியது நடிப்பாக இல்லை என்று அவனுக்கே தெரிகிறது, அது பழைய வழக்கம். இரண்டாவதுதான் புதிது. உண்மை தெரிந்ததும் மரோன் உடனே மன்னித்துவிடுவதில்லை. அவளுடைய காயம் ‘இவன் என்னை ஏமாற்றினான்’ என்பதோடு நிற்பதில்லை, ‘என்னை யாருமே உண்மையாக விரும்ப மாட்டார்கள்’ என்று ஏற்கெனவே இருக்கும் பயத்தில் போய்த் தைக்கிறது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைத் தனேமுரா ஒரு தபால்பெட்டியை வைத்துக் காட்டுகிறார். அவளுடைய அப்பாவும் அம்மாவும் சின்ன வயதிலேயே அவளைத் தனியாக விட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள். அடுக்குமாடியின் கீழே இருக்கும் தபால்பெட்டியை அவள் தினமும் திறந்து பார்க்கிறாள். காலி. மூடிவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் சிரித்துப் பேசிக்கொண்டே போகிறாள். பிசாசு மனத்தில் உள்ள ஓட்டை வழியாகத்தான் நுழையும் என்று சொல்லும் கதையில், மற்றவர்களின் ஓட்டையை அடைக்க ஓடும் பெண்ணின் ஓட்டை அந்தப் பெட்டிதான்.

மியாகோ யார்? அவளுக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்?

மரோனின் உயிர்த்தோழி. போலீஸ் துப்பறிவாளரின் மகள். ஜானை நானே பிடிப்பேன் என்று சபதம் போட்டுப் பொறிகளோடு அலைபவள். போதாக்குறைக்கு அவளுக்கும் சியாக்கி மேல் ஆசை. எதிரியாக்கி ஓரங்கட்டிவிட எல்லா வசதியும் இருந்தும் தனேமுரா அதைச் செய்யவில்லை. அவள் ஏன் ஜானை விடாமல் துரத்துகிறாள் என்பதற்கான காரணம் வெளிவரும் இடம் தொடரின் மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று. கீழே, எச்சரிக்கைக்குப் பிறகு.

அனிமே பார்த்தால் போதாதா?

போதாது. டோய் நிறுவனம் தயாரித்த அனிமே, அதாவது தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடர், 1999 பிப்ரவரி முதல் 2000 ஜனவரி வரை, 44 பகுதிகள் வந்தது. மங்கா முடிவதற்குள் அனிமே முடிந்துவிட்டதால் முடிவு வேறு. வாரம் ஒரு பிசாசு என்ற நிரப்புப் பகுதிகளும் அதிகம். ஷாஸ்னா குழுவின் தொடக்கப் பாட்டுக்காகவும், மரோனுக்குக் குரல் கொடுத்த ஹோகோ குவாஷிமாவுக்காகவும் நாலைந்து பகுதிகள் பாருங்கள். கதைக்கு மங்காதான்.

எந்த வயதுக்கு ஏற்றது?

பளபளக்கும் அட்டையைப் பார்த்துவிட்டு எட்டு வயதுக் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பலவந்தத்தை நெருங்கும் காட்சிகள் உண்டு, நோயின் சம்பந்தப்பட்டவை குறிப்பாக. கடைசிப் பகுதியில் நாயகனும் நாயகியும் ஓர் இரவைச் சேர்ந்து கழிக்கிறார்கள், அது கண்ணியமாகவே வரையப்பட்டிருக்கிறது. இவற்றைவிட என்னை உலுக்கியது மருத்துவமனையில் இருக்கும் ஜென் என்ற சிறுவனின் பகுதி. பிசாசை விரட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதுவரை நம்ப வைத்த கதை, அங்கே அந்தக் குழந்தையைக் காப்பாற்றுவதில்லை. என்னைக் கேட்டால் பதினாலு வயதுக்கு மேல், அதுவும் பெரியவர்கள் யாராவது முதலில் வாசித்துவிட்டு.

படமே புரியவில்லை, எங்கிருந்து எங்கே வாசிப்பது?

வலமிருந்து இடம். அது பழகிவிடும். பழக நேரமெடுப்பது தனேமுராவின் பக்கம்தான். கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். முகம் பாதிப் பக்கம், அதில் கண் பாதி முகம். ரிப்பன், பூ, இறகு, மின்னல் என்று ஸ்க்ரீன்டோன் (வெட்டி ஒட்டும் புள்ளி, அலங்காரத் தாள்) ஒட்டாத இடமே இருக்காது. சண்டைக் காட்சியில் யார் யாரை அடித்தார்கள் என்று சில நேரம் எனக்கும் தெரியாது. அவர் சண்டையை வரையவில்லை, சண்டையின் நடுவே அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியது என்பதை வரைகிறார். முகத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தெரியும். பக்க ஓரங்களில் அவர் வாசகர்களுக்கு எழுதியிருக்கும் குறிப்புகளை முதல் வாசிப்பில் தாண்டிவிடுங்கள், பிறகு வந்து படித்தால் ருசியாக இருக்கும்.

ஆங்கிலத்தில் எந்தப் பதிப்பை வாங்குவது?

இரண்டு உண்டு. சிஎம்எக்ஸ் 2005 முதல் 7 தொகுதிகளாக ஜப்பானியப் பெயரிலேயே வெளியிட்டது. அந்த நிறுவனம் 2010இல் மூடப்பட்டுவிட்டது, பழைய புத்தகமாகத்தான் தேட வேண்டும். விஸ் மீடியா 2014இல் ‘ஃபாண்டம் தீஃப் ஜான்’ என்ற பெயரில் 5 தொகுதிகளாகக் கொண்டுவந்தது. வேறு கதையோ என்று குழம்ப வேண்டாம், இதேதான். கிடைத்தால் விஸ் பதிப்பை வாங்குங்கள்.

எச்சரிக்கை: இனி வரும் மூன்று பதில்களும் கதையின் முடிச்சுகளை அவிழ்க்கும்.

ஃபின் ஏன் அப்படிச் செய்தாள்?

அவள் பேயரசனின் ஆள். மரோன் உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த வெள்ளைக் காய்கள் எல்லாம் எதிரியின் கணக்கில்தான் சேர்ந்தன. கடவுள் அனுப்பியது சிந்துபாத்தை, ஜானைத் தடுத்து நிறுத்தத்தான். அதாவது பொய் சொன்ன பையன் சரியான பக்கத்தில் இருந்தான். வீட்டில் கூடவே இருந்து, சாப்பாட்டுக்குச் சண்டை போட்டு, அழும்போது தோளில் உட்கார்ந்திருந்த தேவதை தவறான பக்கத்தில் இருந்தாள்.

என்னைப் பொறுத்தவரை இந்தத் தொடரின் உண்மையான காதல் கதை மரோனுக்கும் ஃபின்னுக்கும் இடையில் நடப்பது. காதல் என்றால் இங்கே ஆண் பெண் காதல் இல்லை. பெற்றவர்கள் போய்விட்ட வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே குடும்பம் அந்தக் குட்டி தேவதைதான். சியாக்கியின் பொய் தெரிந்தபோது அழுதவள், ஃபின்னின் துரோகம் தெரிந்தபோது அழக்கூட முடியாமல் நிற்கிறாள். ஆனாலும் ஃபின்னை வெறும் வில்லியாக விட்டுவிடவில்லை. மரோன்மேல் வைத்த பாசம் நடிப்பல்ல என்பதுதான் அவளுடைய சித்திரவதை. கறுப்புச் சிறகு ஆக்ஸெஸ் கடைசிவரை அவளைக் கைவிடாமல் நிற்பதும் இங்கேதான் பொருள்படுகிறது. சிரிப்புக்காக வந்தவன் என்று நினைத்தோமே, மொத்தக் கதையிலும் ஒருமுறைகூட நிறம் மாறாதவன் அவன்தான்.

மியாகோவின் காரணம்?

ஜானின் முகம் மரோனின் முகம்போல இருக்கிறது என்பது அவளுக்கு ஆரம்பத்திலேயே தட்டுப்பட்டுவிட்டது. ஜானைப் பிடித்து, அவள் மரோன் இல்லை என்று நிரூபிக்கத்தான் இத்தனை நாள் ஓடினாள். தோழிமேல் சந்தேகம் விழுந்துவிடக் கூடாது என்று தோழியையே துரத்தியவள்.

முடிவு மகிழ்ச்சியா, சோகமா? ஆதாம் ஏவாள் விஷயம் தேவையா?

கடைசித் தொகுதியில் மரோன் ஏவாளின் ஆன்மா என்றும் சியாக்கி ஆதாம் என்றும் வருகிறது. எனக்கு அது வேண்டாத பாரம். இருவரும் அடிபட்டு, பொய் சொல்லி, மன்னித்து ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்த பிறகு, ‘ஆதியிலேயே விதிக்கப்பட்டது’ என்று சொன்னால் அந்தத் தேர்வின் மதிப்புக் குறைகிறது. மறுபிறவிச் சங்கிலியை ஜோனோடு நிறுத்தியிருக்கலாம்.

ஃபின் உயிரைக் கொடுக்கிறாள். ஆண்டுகள் கழித்து மரோனுக்கும் சியாக்கிக்கும் பிறக்கும் மகள் நத்ஸுகியாக அவள் திரும்பி வருகிறாள். மியாகோவுக்கும், அவளைச் சத்தமில்லாமல் விரும்பிய வகுப்புத் தலைவன் மினாஸுகிக்கும் பிறக்கும் மகன் ஷின்ஜியாக ஆக்ஸெஸ் வருகிறான். அழகாக முடிச்சுப் போட்டுவிட்டார் என்று சிலர் உருகுவார்கள், குழந்தைகளுக்கும் முன்கூட்டியே ஜோடி சேர்க்க வேண்டுமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் இரண்டாவது கூட்டம். ஆனாலும் ஃபின் மகளாக வருவதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தன்னை விட்டுப்போன தாய்க்காகப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவளிடம், தன்னை ஏமாற்றியவளே குழந்தையாக வந்து சேர்கிறாள் என்றால் அதற்குள் ஒரு கணக்கு நேராகிறது.

இதை முடித்துவிட்டேன். அடுத்து என்ன?

மென்மையாக வேண்டும் என்றால் கிளாம்ப் குழுவின் ‘விஷ்’. நான்கே தொகுதிகள். ஒரு மருத்துவர் வீட்டில் வந்து தங்கும் தேவதை, தேவதையும் பிசாசும் சேர்ந்து ஓடிவந்த இன்னொரு ஜோடி என்று சத்தமில்லாமல் போகும். இருட்டாக, கனமாக, சொர்க்கம் நரகம் எல்லாம் ரத்தம் சிந்த வேண்டும் என்றால் கவோரி யூகியின் ‘ஏஞ்சல் சாங்க்சுவரி’, 20 தொகுதிகள். அதில் உறவுமுறை மீறிய காதல்தான் மையம் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். தனேமுராவே பிடித்துப்போனால் அவருடைய ‘ஃபுல் மூன் வோ சகாஷிதே’. அதில் தேவதைக்குப் பதில் உயிர் எடுக்க வரும் ஷினிகாமிகள். கைக்குட்டை பக்கத்தில் இருக்கட்டும்.